எம்டனில் ஏறாதவரும் இறங்கியவரும்

எம்டன் என்பது ஒரு கப்பலின் பெயர் என்று தெரியாமலேயே ராயபுரத்தில் வளர்ந்தவன் நான். "அவன் பெரிய எம்டன்டா, பாத்து பேசு" என்று பெரியவர்கள் சொன்னால், கில்லாடி, ஏமாற்றிவிட்டுப் போய்விடுவான் என்று அர்த்தம். மலையாளத்தில் இதே சொல் 'யமண்டன்' ஆகி, பிரம்மாண்டமான எதையும் குறிக்கிறது. சிங்களத்திலும் உண்டு என்கிறார்கள். 2006இல் 'எம்டன் மகன்' என்று எடுத்த படத்தை வரிவிலக்குக்காக 'எம் மகன்' என்று மாற்றினார்கள். நூறு வருஷமாக நம் வாயில் புழங்கும் சொல் அரசாங்கத்துக்குத் தமிழாகப் படவில்லை. அது போகட்டும்.

இந்தச் சொல்லோடு ஒரு கதையும் ஒட்டிக்கொண்டு வரும். மதராஸ்மேல் குண்டு போட்ட அந்த ஜெர்மன் கப்பலில் ஓர் இளம் தமிழ் அதிகாரி இருந்தார், அவர்தான் செண்பகராமன் பிள்ளை, பிறந்த மண்ணின் மக்களுக்குச் சேதம் வராதபடி வெள்ளைக்காரன் சொத்தைப் பார்த்துச் சுடச் சொன்னார் என்பது கதை. சிலர் அவரைக் கப்பலின் டாக்டர் ஆக்குவார்கள், சிலர் இன்ஜினியர், சிலர் துணைத் தளபதி. மேடையில் கேட்டிருக்கிறேன், பள்ளியில் கேட்டிருக்கிறேன். கேட்கும்போது புல்லரிக்கும், பொய் சொல்வானேன்.

தேதிகளை எடுத்து வைத்தால் கதை நிற்காது. செண்பகராமன் 1891 செப்டம்பர் 15இல் திருவனந்தபுரத்தில் பிறந்தவர். நாஞ்சில் நாட்டுத் தமிழ்க் குடும்பம். பதினேழு வயதில் ஐரோப்பா போனார். 1914இல் ஜூரிச்சில் இருந்துகொண்டு இந்திய விடுதலைக்காக ஒரு குழுவை அமைத்தார், போர் தொடங்கிய பிறகு பெர்லின் போனார். எம்டனோ பல வருஷமாகச் சீனாவின் சிங்தாவ் துறைமுகத்தில் நின்ற கப்பல். 1914 ஜூலை 31 அன்று அங்கிருந்துதான் கிளம்பியது. ஜூரிச்சில் இருந்தவர் எந்தத் துறைமுகத்தில் ஏறியிருப்பார்? கப்பலில் இருந்தவர்களின் பட்டியலில் அவர் பெயர் கிடையாது. அதில் ஜெர்மானியர் அல்லாதவர் என்றால் துணி வெளுக்கும் சில சீனர்கள்தான்.

கப்பலில் ஏற்றிவிடாமலேயே அவர் வாழ்க்கை பெரியது. 1934இல் பெர்லினில் இறந்தவரின் அஸ்தியை மனைவி லட்சுமிபாய் இந்தியா கொண்டுவந்து பல்லாண்டுகள் பத்திரமாக வைத்திருந்தார். 1966இல் இந்தியக் கடற்படையின் 'ஐ.என்.எஸ். டெல்லி' அதை பம்பாயிலிருந்து கொச்சிக்கு எடுத்துச் சென்றது. செண்பகராமனுக்கு ஒரு போர்க்கப்பல் வேண்டும் என்றால் அந்தப் பயணம் போதும். எம்டனின் மேல்தளத்தில் அவரை நிறுத்திவைத்ததில், அங்கே உண்மையாகவே நின்றிருந்த ஆள் நம் கண்ணில் படாமல் போய்விட்டார்.

அவர் ஹெல்முத் வான் மியூக்கே. சாக்சனியின் ஸ்விக்காவ் நகரில் 1881இல் பிறந்தவர். கேப்டன் கார்ல் வான் முல்லருக்கு அடுத்த இடத்தில் இருந்த முதன்மை அதிகாரி, அப்போது 33 வயது. மூன்று புகைபோக்கி கொண்ட எம்டனில் பொய்யாக நான்காவது ஒன்றைக் கட்டி, தூரத்தில் பார்ப்பவர்களுக்கு பிரிட்டிஷ் கப்பல் போலத் தெரியவைத்தது அவர் வேலை. 'எம்டன்' என்ற சொல்லுக்கு நாம் கொடுக்கும் அர்த்தத்தில் பாதி அந்தப் பொய்க் குழாயிலிருந்து வந்தது என்பேன்.

செப்டம்பர் 10இலிருந்து வங்கக் கடலில் சரக்குக் கப்பல்களை வரிசையாகப் பிடித்தார்கள். முதலில் மாட்டிய பிரிட்டிஷ் கப்பல் 'இண்டஸ்'. அதில் மூட்டை மூட்டையாக சோப்பு இருந்தது, எம்டனிலோ சோப்பு தீர்ந்துபோன நேரம். பிடித்த கப்பலின் ஆட்களை இறக்கிப் பத்திரமாக வைத்துக்கொண்டு, கப்பலை மட்டும் மூழ்கடிப்பார்கள். சரக்குக் கப்பல்களைப் பிடித்ததில் ஓர் உயிரும் போகவில்லை என்பதால் எதிரி நாட்டுப் பத்திரிகைகளே முல்லரைப் பாராட்டின.

செப்டம்பர் 22, செவ்வாய்க்கிழமை இரவு ஒன்பதரை மணி வாக்கில் மதராஸுக்கு வந்தார்கள். நகரத்தில் விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. கலங்கரை விளக்கம் அப்போது உயர் நீதிமன்றக் கோபுரத்தின் உச்சியில் இருந்தது, அதுவும் வழக்கம்போலச் சுழன்றுகொண்டிருந்தது. போர் நடக்கும் நாட்டின் துறைமுகமா இது என்று வந்தவர்களுக்கே ஆச்சரியம். சுமார் 3000 கெஜ தூரத்தில் நின்று தேடுவிளக்கைப் போட்டு பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குறிபார்த்தார்கள். ஏறக்குறைய 125 குண்டுகள், அரை மணி நேரத்துக்கும் குறைவு. தொட்டிகள் பற்றிக்கொண்டன. கரையிலிருந்த பீரங்கிகள் பதிலுக்குச் சுட்ட சில குண்டுகளில் ஒன்றும் படவில்லை. கப்பல் தெற்கே போய்விட்டது. நெருப்பு வெகுதூரத்துக்குத் தெரிந்தது. மறுநாளிலிருந்து ரயிலிலும் மாட்டுவண்டியிலும் ஜனம் ஊரைக் காலிசெய்துகொண்டு கிளம்பியது.

ஆள்சேதம் இல்லாத தாக்குதல் என்று நம் ஊர்க் கதையும் சொல்கிறது, ஜெர்மன் கதையும் சொல்கிறது. ஊருக்குள் குண்டு விழாத கோணமாகப் பார்த்துத்தான் முல்லர் கப்பலை நிறுத்தினார் என்பது அவர்கள் பக்கம். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் துறைமுகத்துக்குள் 'சுப்ரா' என்ற பயணக் கப்பல் நின்றிருந்தது. குண்டுகள் அதன்மேலும் விழுந்தன. அன்றைய தாக்குதலில் குறைந்தது ஐந்து பேர் செத்தார்கள். உயர் நீதிமன்ற மதில்சுவரில் ஒரு குண்டு விழுந்த இடத்துக்குக் கல்வெட்டு வைத்திருக்கிறார்கள். போகிறவர்கள் அதைத்தான் போட்டோ எடுக்கிறார்கள். கனவான்களின் போர் என்று எழுதுகிறவர்கள் சுப்ராவை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள், சிலர் அந்த ஒரு வரியும் தருவதில்லை.

மியூக்கேயின் வாழ்க்கை கப்பலை விட்டுத் தனியாகப் பிரிந்தது நவம்பர் 9 அன்று. கோகோஸ் தீவுக்கூட்டத்தின் டைரக்‌ஷன் தீவில் இருந்த தந்தி நிலையத்தை உடைக்க 50 பேரோடு அவரைக் கரையில் இறக்கினார் முல்லர். நிலையத்தினர் பிடிபடுவதற்கு முன்பே செய்தி அனுப்பிவிட்டார்கள். ஆஸ்திரேலியாவின் 'சிட்னி' போர்க்கப்பல் பக்கத்தில்தான் இருந்தது. உடனே திரும்பிவரச் சொல்லி எம்டன் சங்கு ஊதியது. படகில் ஏறி இவர்கள் துரத்துவதற்குள் அது நங்கூரம் எடுத்துப் போய்விட்டது. தன் கப்பல் அடிவாங்குவதைக் கரையிலிருந்து பார்க்க வேண்டியதாயிற்று. அன்று எம்டனில் 130க்கும் அதிகமானோர் இறந்தார்கள். உடன் நின்ற கப்பலாட்கள் எல்லாருக்கும் அவரவர் நண்பர்கள் அங்கே இருந்தார்கள்.

சரணடைவதுதான் அடுத்து நடந்திருக்க வேண்டியது. துறையில் 'அயேஷா' என்று ஒரு பாய்மரக் கப்பல் நின்றது. 97 டன், பழசு, அடிப்பலகை இற்றுப்போனது என்று எச்சரித்தார்கள். அன்று மாலையே அதைக் கைப்பற்றி ஐம்பது பேரும் கிளம்பினார்கள். காலையில் யாருடைய நிலையத்தை உடைத்தார்களோ அந்த பிரிட்டிஷ் ஊழியர்களே சாப்பாடும் துணிமணியும் ஏற்றிவிட்டார்கள். காசிமேட்டில் வளர்ந்த யாருக்கும் இந்த இடம் புரியும்: நிலத்துப் பகை வேறு, கடலுக்குள் போகிறவனை வழியனுப்புவது வேறு.

குடிதண்ணீருக்கு மழையை நம்பி நவம்பர் 27இல் பதாங் போய்ச் சேர்ந்தார்கள். அது நடுநிலை டச்சுத் துறைமுகம், 24 மணி நேரத்துக்கு மேல் நிற்க முடியாது. டிசம்பரில் நடுக்கடலில் 'சோய்சிங்' என்ற ஜெர்மன் சரக்குக் கப்பலுக்கு மாறி, அயேஷாவை மூழ்கடித்தார்கள். 1915 ஜனவரியில் ஏமனின் ஹொதைதாவில் கரையேறினார்கள். அங்கிருந்து மலையேறி சனா வரை போய், காய்ச்சலில் விழுந்து, கடலுக்கே திரும்பி வந்து, உள்ளூர்ப் படகுகளில் வடக்கே போனார்கள். ஒரு படகு பவளப்பாறையில் மோதி, மருந்தெல்லாம் போய்விட்டது. பிறகு ஒட்டகம். ஏப்ரல் தொடக்கத்தில் ஜெத்தாவுக்குப் பக்கத்தில் பாலைவனக் குழு ஒன்று மூன்று நாள் சூழ்ந்துகொண்டு சுட்டது. ஷ்மிட் என்ற இளம் லெப்டினன்ட் அங்கே இறந்தார். மே மாதம் ஹிஜாஸ் ரயில்பாதையைத் தொட்டபோது, காத்திருந்த எழுத்தாளர் எமில் லுட்விக், முதலில் குளியலா, ரைன் வைனா என்று கேட்டாராம். வைன் என்றாராம் மியூக்கே. மே 23 அன்று கான்ஸ்டான்டினோபிள்.

அதே வருஷம் 'எம்டன்', 'அயேஷா' என்று இரண்டு புத்தகங்கள் எழுதினார். இரண்டும் அமோகமாக விற்றன. மதராஸ் இரவு அதில் ஒரு சின்ன அத்தியாயம்கூட இல்லை, சில பக்கம்தான். நமக்கு நூற்றாண்டுக் கதை, அவருக்கு ஒரு மாலைநேர வேலை.

வீரக்கதை பிடித்தவர்கள் இங்கேயே புத்தகத்தை மூடிவிடலாம். 1920களில் அவர் நாஜிக் கட்சியில் இருந்தார். சாக்சனி சட்டமன்றத்தில் அந்தக் கட்சியின் உறுப்பினராகவும் உட்கார்ந்தார். இதை மழுப்பிச் சொல்ல எனக்கு மனமில்லை. போரில் தோற்ற நாட்டில் பதக்கம் வாங்கிய ஓர் அதிகாரி போகக்கூடிய இடத்துக்குத்தான் போனார். ஆனால் பத்தாண்டு முடிவதற்குள் வெளியே வந்துவிட்டார். வந்ததோடு நிற்கவில்லை, போரே கூடாது என்று பேச ஆரம்பித்தார். ஹிட்லர் ஆட்சிக்கு வந்ததும் எழுதத் தடை; பிறகு சிறை. பள்ளிப் பையன்கள் படித்து வளர்ந்த சாகசக்காரரை உள்ளே வைக்க அந்த அரசுக்குத் தயக்கம் எதுவும் இருக்கவில்லை.

எது அவரை மாற்றியது என்று அவர் வாழ்க்கையில் ஒரு நாளைக் காட்டிச் சொல்ல முடியாது. கோகோஸ் கரையில் நின்று பார்த்த அந்தக் காலையாக இருக்கும் என்று எனக்கு ஓர் ஊகம். ஊகம்தான், அதற்குப் பிறகுதான் கட்சியிலும் சேர்ந்தார் என்பது அந்த ஊகத்தை இடிக்கிறது.

இரண்டாம் உலகப் போர் முடிந்து மேற்கு ஜெர்மனி மறுபடி ராணுவம் அமைக்கத் தொடங்கியபோது, எழுபது வயதைத் தாண்டிய மியூக்கே அதை எதிர்த்து எழுதினார், பேசினார். 1957 ஜூலை 30 அன்று ஹாம்பர்க் அருகே ஆரன்ஸ்பூர்கில் இறந்தார். அவர் வேண்டாம் என்ற அந்தப் புதிய கடற்படையில் 1961இல் ஒரு போர்க்கப்பல் சேர்ந்தது. அதற்கு எம்டன் என்று பெயர் வைத்திருந்தார்கள்.