ஓராண்டின் பல பெயர்கள்

கி.மு. 331 என்று இன்று நாம் எழுதும் ஆண்டை, அவ்வாண்டில் வாழ்ந்தோர் எவரும் அப்பெயரால் அறிந்திலர். மாசிடோனிய வேந்தன் அலெக்சாந்தர், பாரசீகப் பேரரசன் மூன்றாம் டேரியஸை இன்றைய ஈராக்கின் வடபகுதியிலுள்ள காகமேலாக் களத்தில் முறியடித்த ஆண்டு அது.

அதனை ஏதென்சு நகரத்தார் அரிஸ்டோபனிஸ் என்னும் தலைமை அதிகாரியின் ஆண்டு என்றனர். (நகைச்சுவை நாடகங்கள் இயற்றிய புலவர் இவரல்லர், அவர் நெடுநாள் முன்னரே மறைந்தவர்.) ஒலிம்பிய விளையாட்டைக் கொண்டு காலங்கணித்த கிரேக்க ஆசிரியர்க்கு அது 112ஆம் ஒலிம்பியத்தின் 2ஆம் ஆண்டு. உரோமர் அவ்வாண்டின் ஆட்சித் தலைவர் இருவருடைய பெயரைச் சொல்லிக் குறித்தனர்; உரோம் நகரம் தோன்றியது முதல் எண்ணும் கணக்கில் அது 423. ஆள்பெயரால் ஆண்டைக் குறித்தால், ஆட்சியாளர் பட்டியல் தொலைந்தவுடன் காலமும் தொலையும். நம்மவர் வழங்கும் பிரபவ, விபவ முதலிய அறுபது பெயர்களுக்கும் இதையொத்த இடர் உண்டு. பெயர் மட்டும் எழுதினால் எந்தச் சுற்று என்பது விளங்காது.

பாபிலோனியர் எழுதியதுதான் வியப்பு. டேரியஸ் தோற்றோடிய செய்தியை, அவனது 5ஆம் ஆட்சியாண்டின் குறிப்பிலேயே அவர்கள் களிமண் ஏட்டில் பதிந்தனர். இவ்வாண்டுகள் ஒரே நாளில் தொடங்குவனவும் அல்ல. பாபிலோனியர்க்கு இளவேனிலில் ஆண்டு பிறந்தது, ஏதென்சினர்க்கோ நடுக்கோடையில்.

அங்ஙனமாயின் இவையெல்லாம் ஒரே ஆண்டைக் குறிப்பன என்று நாம் எவ்வாறு துணிகின்றோம்? ஒரு சந்திர கிரகணமே சான்று. அக்களிமண் ஏடு, உலூலு மாதம் 13ஆம் நாள் கிரகணமும் 24ஆம் நாள் போரும் நிகழ்ந்தன என்கிறது. நானூறு ஆண்டுகட்கும் பின் வாழ்ந்த கிரேக்க ஆசிரியர் புளூட்டார்க், கிரகணத்துக்குப் பின் பதினோராம் இரவில் இரு படைகளும் எதிரெதிரே நின்றன என்றார். பாபிலோனிய ஏட்டைக் காணாத ஒருவரின் கணக்கு அவ்வேட்டோடு இயைகின்றது! அர்ரியன் என்னும் மற்றோர் ஆசிரியரோ, போரை அடுத்த மாதத்தில் வைத்துவிட்டார். இக்கால வானநூலார் பின்னோக்கிக் கணித்து, அக்கிரகணம் செப்டம்பர் 20ஆம் நாளது என்றனர். எனவே போர் அக்டோபர் 1.

அவ்வானநூலார் இவ்வாண்டை −330 என்றே எழுதுவர். கி.மு. 1ஐ அடுத்துக் கி.பி. 1 வருவதால், நம் வழக்கில் சுழி ஆண்டு இல்லை, அவர்கள் கி.மு. 1ஐச் சுழி என்பர். ஆதலின் காகமேலாப் போரிலிருந்து கி.பி. 2000 வரை 2331 ஆண்டுகள் என்று கூட்டிச் சொல்வோர் ஓராண்டு மிகையாகச் சொல்கின்றனர்.