கொழும்பின் குளிர்கால வலசைப் பறவைகள்

பனியே விழாத கொழும்பு, வடக்கே நிலம் உறையும் மாதங்களில் பறவைகளின் புகலிடமாகிறது. மத்திய ஆசிய வலசைப் பாதை இலங்கையோடு முடிகிறது. இத்தீவுக்கு நேர் தெற்கே அந்தாட்டிக்கா வரை பெருநிலம் எதுவும் இல்லை. எனவே செப்டெம்பர் முதல் ஏப்ரல் வரை இங்கு வந்து தங்கும் பறவைகள் பல. மன்னாரில் செயற்கைக்கோள் கருவி பொருத்தி விடப்பட்ட கடற்காகங்கள், உருசியாவின் ஆர்க்டிக் கரையிலுள்ள யமால் தீபகற்பம்வரை சென்றதைக் கொழும்புப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பங்கேற்ற ஆய்வு காட்டியது.

வெள்ளவத்தைக்காரர் தம் வீட்டு வாசலிலேயே சந்திக்கக்கூடிய விருந்தாளி ஆறுமணிக்குருவி. பச்சை முதுகு, கண்ணை ஊடறுக்கும் கரும்பட்டை, இறக்கையில் நீலத் திட்டு, வாலடியில் செம்மை, வால் இருக்கிறதா என்று ஐயுற வைக்கும் குட்டை உடல். நீளம் ஏறத்தாழ 19 செ.மீ. காலையிலும் மாலையிலும் ஆறு மணியளவில் இரட்டைச் சீழ்க்கையாகக் குரல் கொடுக்கும். இமய அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் மழைக்காலத்தில் குஞ்சு பொரித்துவிட்டு, இரவிரவாகப் பறந்து தெற்கே வருகிறது.

ஒக்டோபரில் இடியோடு மழை பெய்யும் நாட்களில் இது கொழும்பில் இறங்கும். அப்போதுதான் ஆபத்தும் அதிகம். களைத்த பறவை விளக்கொளியில் தடுமாறித் தொடர்மாடிக் கண்ணாடியில் மோதும். விறாந்தைக்குள் புகுந்து ஒடுங்கும். விடிந்தால் காகங்கள் துரத்தும், பூனைகள் பிடிக்கும். விழுந்து கிடப்பதைக் கண்டால், காற்றுப் போகத் துளையிட்ட காட்போட் பெட்டியில், சத்தமில்லாத இருட்டில் வைக்க வேண்டும். அலகைத் திறந்து தண்ணீர் ஊற்றக்கூடாது. அது மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். தெளிந்த பறவையை, காகங்கள் அடங்கும் மாலையில் மரநிழலுள்ள இடத்தில் விடலாம். காயம் இருந்தால் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும்.

பிழைத்த பறவை நிழலும் ஈரமும் உள்ள நிலத்தில் தனியே தங்கி, சருகைப் புரட்டிப் புழு பூச்சிகளைத் தின்னும். காலி வீதிக்கும் கடற்கரை ரயில் பாதைக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளில் மாவும் பலாவும் நின்ற வளவுகள் பல இன்று தொடர்மாடிகளாகிவிட்டன. எஞ்சிய வளவிலும் சருகைத் தினமும் கூட்டி எரித்தால் அதற்கு அங்கே இரை இல்லை. ஒரு மூலையிலாவது சருகைக் கிடக்க விடுவது, காசு செலவில்லாத பெரிய உதவி.

மற்றொரு வலசை விருந்தாளியான பழுப்புக் கீச்சான் வேலியிலோ கம்பியிலோ அமர்ந்து சண்டைக்காரக் குரலில் கத்தும். காட்டு வாலாட்டி, மற்ற வாலாட்டிகள் போல மேலும் கீழுமாக அன்றி, பக்கவாட்டில் பின்புறத்தை ஆட்டி நடக்கும். அது கிழக்காசியாவிலிருந்து வருகிறது. அரசவால் ஈப்பிடிப்பானில் நீண்ட வெள்ளை வாலுள்ள ஆணைக் கண்டால் அது இந்தியாவிலிருந்து வந்தது என்று துணியலாம். இலங்கையிலேயே வாழும் துணையினத்தின் ஆண்கள் செம்பழுப்பாகவே இருக்கும்.

கொட்டாஞ்சேனையின் நெருங்கிய தெருக்களில் தோட்டப் பறவைகளுக்கு இடம் குறைவு. அங்கிருந்து வடக்கே, மட்டக்குளிய காக்கைத்தீவை அண்டிய களனி ஆற்று முகத்துவாரத்தில், பழுப்புத்தலைக் கடற்காகங்களையும் ஆலாக்களையும் பார்க்கலாம்.

வெள்ளவத்தைக்குத் தென்கிழக்கே உள்ள பெல்லன்வில – அத்திடிய ஈரநிலம் 1990இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 372 ஹெக்டெயர். உள்ளான்களும் மீசை ஆலாக்களும் குளிர்காலத்தில் அங்கே இரை தேடுகின்றன. சல்வீனியாவும் ஆகாயத்தாமரையும் நீரை மூடுவதும், ஓரங்களில் மண் கொட்டி நிரப்புவதும், கழிவுநீர் கலப்பதும் அதன் நீண்டகாலத் தொல்லைகள். 2010 நவம்பர் வெள்ளத்தில் பாராளுமன்ற வளாகமே மூழ்கிய பிறகு, இந்தச் சதுப்புகள்தான் நகரின் மழைநீரைத் தாங்குகின்றன என்பது திட்டமிடுவோருக்கு உறைத்தது. 2018இல் ராம்சர் சாசனத்தின் கீழ் ஈரநில நகரமாக முதன்முதலில் அங்கீகாரம் பெற்ற 18 நகரங்களில் கொழும்பும் ஒன்று. பத்தரமுல்லைக்கு அருகே பெத்தகான, தலவத்துகொடையில் தியசரு ஆகிய பூங்காக்களில் பலகைப் பாதையில் நடந்தே வலசைப் பறவைகளைக் காணலாம். அதிகாலையே ஏற்ற நேரம்.