தலைச்சுற்றல் ஒற்றைத் தலைவலியும் குத்தூசி மருத்துவமும்

தலைச்சுற்றல் ஒற்றைத் தலைவலி என்பது ஒற்றைத் தலைவலியின் ஒரு வகை ஆகும். சுற்றல் 5 நிமிடம் முதல் 72 மணி நேரம் வரை நீடிக்கலாம். தலைவலி இன்றியும் வருவதால் காதுக் கோளாறு எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. இதற்கான வரையறைகள் 2012இல் வெளியாயின.

குத்தூசி மருத்துவத்தை (அக்குபஞ்சர்) இதற்குச் சிலர் முயல்கின்றனர். 22 ஆய்வுகளைத் தொகுத்த 2016ஆம் ஆண்டுக் காக்ரேன் மீளாய்வு, அது ஒற்றைத் தலைவலி அடிக்கடி வருவதைக் குறைப்பதாகக் கண்டது; ஆயினும் போலிக் குத்தூசியைவிட அதிகப்படியான பயன் சிறிதே. அம்முடிவைத் தலைச்சுற்றலுக்கு அப்படியே பொருத்த இயலாது. சுற்றல் தானாகவே நிற்கும் இயல்புடையது. ஆகவே ஊசி குத்தியபின் நின்றது என்பது மட்டும் சான்றாகாது.

பேச்சுக் குழறல், இரட்டைப் பார்வை, ஒருபக்கத் தளர்ச்சி ஆகியவற்றுடன் சுற்றல் வந்தால் அது பக்கவாதமாக இருக்கலாம். அந்நிலையில் குத்தூசியை நாடாமல் உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் இடையே முண்டியம்பாக்கத்தில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை உள்ளது.