மெல்ஸ்டாக்கின் இசைக்குழுவும் ஒரு கிராமக் காதலும்

தாமஸ் ஹார்டி 1872-இல் வெளியிட்ட 'அண்டர் தி கிரீன்வுட் ட்ரீ' நாவலின் மெல்ஸ்டாக் கிராமம், இங்கிலாந்தின் டார்செட் மாவட்டத்திலுள்ள ஸ்டின்ஸ்ஃபோர்டு என்னும் உண்மையான ஊரை அடியொற்றியது. அவ்வூர்த் தேவாலயத்தின் மேல்மாடத்தில் அமர்ந்து வயலினும், தாழ்ந்த சுரங்களை ஒலிக்கும் பெரிய நரம்பிசைக் கருவியான செல்லோவும் இசைத்து வழிபாட்டுக்குத் துணைசெய்த கிராமத்தாருள் ஹார்டியின் பாட்டனாரும் தந்தையாரும் இருந்தமையால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆர்கன் என்னும் காற்றிசைக் கருவி வந்து இத்தகைய இசைக்குழுக்களைப் பல ஊர்களில் அகற்றிய இழப்பை அவர் குடும்ப நினைவாகவே அறிந்திருந்தார். நாவலில் மெல்ஸ்டாக் இசைக்குழுவில் ஒருவனான டிக் டியூயி காதலிக்கும் பள்ளி ஆசிரியை ஃபேன்சி டே என்பவளே புதிய ஆர்கனை வாசிக்க வருகிறாள் என்ற அமைப்பு, இக்கதையின் மிக நுட்பமான படைப்புத் திறனாகும். காதலின் வரவும் மரபின் முடிவும் அவள் ஒருத்தியின் வழியாகவே ஊருக்குள் நுழைகின்றன. ஆயினும் திருமணத்தன்று மணமக்களும் ஊராரும் இணை இணையாக ஊரைச் சுற்றி நடக்கும் பழைய வழக்கத்தை, முதலில் தயங்கிய ஃபேன்சி, தன் தாயும் அவ்வாறே நடந்தாள் என்பதற்காக மனமுவந்து ஏற்கிறாள்.