ஹிஜ்ரி நாள்காட்டி: அட்டவணையிலிருந்து இணையதளம் வரை

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக்காலத்தில் அவர்களிடம் ஒரு பத்திரம் கொண்டுவரப்பட்டதாக வரலாற்று நூல்கள் அறிவிக்கின்றன. தவணை ஷஅபான் மாதம் என்று மட்டுமே அதில் இருந்தது. எந்த ஷஅபான்? கடந்துபோனதா, நடப்பதா, இனி வரப்போவதா? பஸராவின் ஆளுநர் அபூமூஸா அல்அஷ்அரீ (ரலி) அவர்களும், தமக்கு வரும் கடிதங்களில் தேதி இல்லை என்று முறையிட்டார்கள். அதன்பின் ஹிஜ்ரி 16 அல்லது 17-ஆம் ஆண்டில் சஹாபாக்கள் கூடி ஆலோசித்து, நபி (ஸல்) அவர்களின் ஹிஜ்ரத்தை ஆண்டுக் கணக்கின் தொடக்கமாகவும், முஹர்ரத்தை முதல் மாதமாகவும் ஏற்றார்கள்.

மாதங்கள் பன்னிரண்டு என்பதும் (அல்குர்ஆன் 9:36), அவற்றை முன்பின்னாகத் தள்ளிவைக்கும் அறியாமைக்கால வழக்கம் தவறு என்பதும் (9:37) முன்பே தெளிவாகிவிட்டிருந்தன. ஆண்டுக்கு எண் கிடைத்தபின் எஞ்சியது ஒரு கேள்விதான். வரப்போகும் மாதத்தின் முதல் நாளை இன்றே எழுதிவைக்க முடியுமா?

வானியலாளர்கள் முடியும் என்றார்கள். ஒற்றைப்படை மாதங்களுக்கு 30 நாள், இரட்டைப்படை மாதங்களுக்கு 29 நாள் என வைத்தால் ஆண்டுக்கு 354 நாள் வரும். 30 ஆண்டுச் சுற்றில் 11 ஆண்டுகளுக்கு மட்டும் கடைசி மாதத்தில் ஒரு நாள் கூட்டினால் மொத்தம் 10,631 நாள். இந்த அட்டவணை சந்திரனின் சராசரி ஓட்டத்திலிருந்து ஒரு நாள் விலகுவதற்கு ஏறத்தாழ 2,500 ஆண்டுகள் ஆகும். இன்றைய மொழியில் சொன்னால், இதுவே முதல் வார்ப்புரு: சட்டம் ஒன்றுதான், ஆண்டை இட்டால் நாள் வந்துவிடும்.

ஆனால் சராசரி வேறு, பிறை வேறு. இந்த அட்டவணையில் ஒன்பதாவது மாதமான ரமளான் எப்போதும் 30 நாள்தான். நபி (ஸல்) அவர்களுடன் தாம் முப்பது நோன்பு நோற்றதைவிட இருபத்தொன்பது நோற்றதே அதிகம் என்று இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவித்திருக்கிறார்கள். கி.பி. 1000-ஆம் ஆண்டையொட்டிப் பல சமூகங்களின் காலக் கணக்குகளைத் தொகுத்து நூலெழுதிய அல்பீரூனீ, அட்டவணையைக் கொண்டே நோன்பைத் தீர்மானிக்கலாம் என்ற கூற்றை மறுத்து வாதிட்டார். கணக்குத் தெரியாதவர் மறுத்தது அல்ல அது. அன்றைய உலகில் கணக்கை மிக நன்றாக அறிந்திருந்தவர்களுள் ஒருவர் மறுத்தது.

கணினி வந்தபோது அதற்குள் புகுந்ததும் இதே பழைய அட்டவணைதான். மைக்ரோசாஃப்ட் தன் ஹிஜ்ரி நாள்காட்டிக்கான நிரலில் அதையே பயன்படுத்தியது. ஆனால் கூடவே ஒரு திருத்தப் பெட்டியையும் வைத்தது. நாட்டுக்கு நாடு ரமளானின் தொடக்கமும் முடிவும் மாறக்கூடும் என்பதால், தேதியை இரண்டு நாள் வரை முன்னோ பின்னோ நகர்த்திக்கொள்ள அது இடமளிக்கிறது. நிரல் எழுதியவர்கள் கணக்கின் எல்லையை அறிந்தே இருந்தார்கள். தளம் அமைப்பவர்களுள் பலர் அந்தப் பெட்டியைத் திறந்தே பார்ப்பதில்லை என்பதுதான் வருத்தம்.

நிகழ்ச்சிகளை ஒரு கணினியிலிருந்து மற்றொன்றுக்கு அனுப்புவதற்கான ‘ஐகேலண்டர்’ என்னும் பொதுமுறை 1998-இல் வெளியானது. ‘ஆண்டுதோறும் இதே நாள்’ என்று அதில் எழுதலாம்; ஆனால் அந்த ஆண்டு ஆங்கில ஆண்டு. ஹிஜ்ரி ஆண்டோ அதைவிடப் பத்து, பதினொரு நாள் குறைவானது. எனவே பெருநாளை ஒருமுறை பதிந்துவிட்டு மறந்துவிட இயலாது. பிற நாள்காட்டிகளின்படி திரும்பத் திரும்ப வரும் நாள்களைக் குறிக்கும் விரிவாக்கம் 2015-இல்தான் வந்தது.

அதே பொதுமுறையில் தொடக்கம் முதலே இன்னொரு வசதி உண்டு. ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் ‘உறுதியானது’ அல்லது ‘உறுதியாகாதது’ என்று நிலை குறிக்கலாம். நம் பள்ளிவாசல் தளங்களுக்கு இதைவிடப் பொருத்தமான பெட்டி வேறில்லை என்பேன். ரமளான், ஷவ்வால், துல்ஹஜ் ஆகிய மூன்றின் முதல் நாளையும் ‘உறுதியாகாதது’ என்றே வார்ப்புருவில் வைத்துவிட்டு, ஜமாஅத்தின் அறிவிப்பு வந்தபின் ஒருவர் கையால் மாற்றட்டும். தம் ஊர்ப் பிறையா, உலகப் பிறையா, கணக்கா என்று நம்மிடையே நடக்கும் விவாதத்தை எந்த நிரலும் தீர்த்துவைக்காது. ஆனால் அறிவிப்புக்கு முன்பே தடித்த எழுத்தில் ‘ஈதுல் ஃபித்ர்’ என்று காட்டும் தளம், அந்த விவாதத்தில் யாருக்கும் தெரியாமல் ஒரு தீர்ப்பை வழங்கிவிடுகிறது. அதை நம்பி ஒரு குடும்பம் நோன்பை விட்டுவிடலாம். அல்லது நோன்பு தடைசெய்யப்பட்ட பெருநாளிலேயே நோன்பிருந்துவிடலாம்.

நாளின் தொடக்கம் இன்னொரு சிக்கல். வார்ப்புருக்கள் பெரும்பாலும் நள்ளிரவு 12 மணிக்கே தேதியை மாற்றுகின்றன. நமக்கோ மஃக்ரிபுடன் அடுத்த நாள் பிறந்துவிடுகிறது. தமிழில் நாம் தேதியையே ‘பிறை’ என்றுதான் சொல்கிறோம்: ரமளான் பிறை 21, பிறை 27. ஒற்றைப்படை இரவுகளில் லைலத்துல் கத்ரைத் தேடுகிறவர் இஷாவுக்குப் பின் கைபேசியைத் திறந்து பார்த்தால் அது 26 என்றே காட்டிக்கொண்டிருக்கும். தராவீஹ் முடித்து, இன்று இரட்டைப்படை இரவுதானே என்று படுத்துவிடுகிறார். நள்ளிரவில் எண் 27 ஆக மாறுகிறது. அப்போது அவர் உறக்கத்தில் இருக்கிறார்.