நந்தன் கேட்ட லீவு

அயோத்திதாசப் பண்டிதர் நினைவுச் சொற்பொழிவை நீலகிரியில் நடத்துவதற்குக் காரணம் தேடவேண்டியதில்லை. அவர் வளர்ந்தது இந்த மலையில். 1870களில் அத்வைதானந்த சபையைத் தொடங்கியதும், 1891 டிசம்பரில் திராவிட மகாஜன சபை கூடிக் கல்வி, வேலை, பொதுக்கிணறு என்று பத்துத் தீர்மானங்கள் இயற்றியதும் உதகையில்தான். அத்தீர்மானங்களைப் பற்றி நம் மேடைகளில் நிறையப் பேசியாகிவிட்டது. இன்று பேச வேண்டியது அவருடைய வாசிப்பு முறை.

1907இல் 'ஒரு பைசாத் தமிழன்' இதழைத் தொடங்கியபோது அவர் திருக்குறளை மட்டும் ஆராயவில்லை. கார்த்திகை விளக்கு, தீபாவளி எண்ணெய்க் குளியல், ஆடி மாத அம்மன், வழக்கில் திரியும் பழமொழி என்று படித்தவர்கள் பாமரம் என்று தள்ளியவற்றையெல்லாம் எடுத்து, ஓலைச்சுவடிக்குக் கொடுக்கும் கவனத்தோடு படித்தார். விளக்குத் திருநாளில் ஆமணக்கெண்ணெய் கண்டறியப்பட்ட கதையைக் கண்டார். அம்மனில் அம்மை நோய்க்கு வேப்பிலை தந்த அம்பிகை என்ற பௌத்தப் பிக்குணியைக் கண்டார். அவருடைய சொற்பிறப்பு விளக்கங்கள் எல்லாவற்றையும் மொழியியல் இன்று ஏற்காது. அதனால் நமக்கு நட்டமில்லை. நம் மக்கள் அனுபவித்துக் கொண்டாடும் ஒன்றுக்குள் அவர்களுடைய வரலாறு கிடக்கக்கூடும், அதை வேறொருவன் புரட்டியும் வைத்திருக்கக்கூடும் என்ற அவருடைய சந்தேகம்தான் நமக்கு வேண்டியது.

இயக்கத்துக்குள் வந்தபிறகு நாம் இதைக் கைவிட்டோம். பழைய சினிமாப் பாட்டை முணுமுணுப்பதற்கும் கூசுகிறோம். எதிரியின் சரக்கு என்று பெயர் வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கேட்கிறோம். கூசிக்கொண்டே ரசிப்பவன் எதையும் ஆராய்வதில்லை.

நந்தனை எடுத்துக்கொள்வோம். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் கோபாலகிருஷ்ண பாரதி எழுதிய நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அக்காலத்தின் வெகுசன இலக்கியம். சிறப்புப்பாயிரம் கேட்டபோது, இலக்கணப் பிழை உண்டென்று மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை நாள் கடத்தினார். பிறகு பாரதியார் பாடக் கேட்டு உருகித்தான் எழுதிக் கொடுத்தார். இதைச் சொன்னவர் உ.வே.சாமிநாதையர். புலவர் பார்த்தது இலக்கணத்தை. நாம் பார்க்க வேண்டியது அந்தக் கதையில் புதிதாக நுழைந்த ஓர் ஆளை: வேதியர் என்ற பண்ணையார். பெரியபுராணத்தில் அவர் இல்லை. சேக்கிழாரின் நந்தனார் கோயில் முரசுக்குத் தோலும் யாழுக்கு நரம்பும் கொடுப்பவர்; தில்லைக்குப் போவதற்கு யாரிடமும் உத்தரவு கேட்பதில்லை. பாரதியின் நந்தன் பண்ணையாள். சிதம்பரம் போக ஆண்டையிடம் அனுமதி கேட்டு நிற்கிறான். நாற்பது வேலியையும் அறுத்து முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. ஒரே இரவில் அறுவடையைச் சிவகணங்கள் முடித்துவிடுகின்றன.

பக்தர்கள் அற்புதம் என்று கன்னத்தில் போட்டுக்கொள்ளும் இடம் இது. நமக்கு இது தஞ்சைப் பண்ணை முறையின் ஆவணம். வேலையை முடிக்காமல் ஆள் வெளியேறுவதை நந்தன்மேல் இரக்கம் கொண்ட பாடகராலும் கற்பனை செய்ய முடியவில்லை. சாமியே வந்து அறுத்துக் கொடுக்க வேண்டியிருக்கிறது. பண்டிதரோ இந்தக் கதையையே ஒப்பவில்லை. 'இந்திரர் தேச சரித்திர'த்தில் அவருடைய நந்தன் சூழ்ச்சியால் வீழ்த்தப்பட்ட அரசன். அம்பேத்கர் 1948இல் தீண்டப்படாதவர்கள் பற்றிய தம் நூலை ரவிதாஸ், சொக்கமேளா, நந்தனார் மூவருக்கும் காணிக்கையாக்கினார். ஒரே பெயரை இத்தனை பேர் இழுத்திருக்கிறார்கள் என்றால் அது சில்லறைக் கதை அல்ல.

பிறகு சினிமா வந்தது. 1935இல் கே.பி.சுந்தராம்பாள் ஆண் வேடமிட்டு நந்தனாராக நடித்தார். சம்பளம் 1 லட்சம் ரூபாய் என்பதுதான் அன்றைய பேச்சு. 1942இல் ஜெமினி எடுத்த படத்தில் தண்டபாணி தேசிகர். நாள் தவறாமல் பெரட்டுக்குப் போய் நிற்கும் தோட்டத் தொழிலாளிக்கு ஆண்டை முன் நிற்கும் நந்தனைப் புரியவைக்க எந்த விமர்சகரும் தேவையில்லை. கேட்பது லீவு, மறுப்பது முதலாளி. அந்தக் காட்சியில் கண்ணீர் விடுகிறவரைப் பார்த்துப் பார்ப்பனியத்துக்கு அழுகிறாயே என்று கேட்பது நம் தோழர்கள் சிலருக்கு எளிதாக இருக்கிறது. அவர் எதற்கு அழுகிறார் என்று கேட்பதுதான் விமர்சனம். அதே படத்தின் முடிவில் நந்தன் தீக்குள் இறங்குவதை அவர் எப்படி எடுத்துக்கொள்கிறார் என்பதையும் கேட்க வேண்டும்.

நம் மலையை நாமே எப்படிப் பார்த்து ரசித்தோம் என்பதும் இதில் சேரும். 1964 சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எண்ணி ஒதுக்கியது. அப்படி இலங்கையிலிருந்து வந்தவர்களுக்காக 1968இல் தொடங்கிய அரசுத் தேயிலைத் திட்டம்தான் பின்னர் டான்டீ ஆனது. 1982இல் வெளிவந்த 'மூன்றாம் பிறை'யைக் கேத்தியில் எடுத்த பாலு மகேந்திராவும் இலங்கையில், மட்டக்களப்பில் பிறந்தவர். அந்தக் கடைசி ரயில் நிலையக் காட்சியில் நம்மில் அழாதவர் குறைவு. அழுததற்கு வருத்தப்பட வேண்டாம். பனியும் மழையும் பச்சைச் சரிவும் அவ்வளவு அழகாகப் பதிவான அந்தப் படத்தில், முக்கியப் பாத்திரம் எதுவும் தேயிலைத் தொழிலாளி அல்ல என்பதையும் சேர்த்தே பார்ப்போம். அது இயக்குநர்மேல் வைக்கும் குற்றச்சாட்டு அல்ல. மலை என்றால் காதலும் தனிமையும் என்று தமிழ் சினிமா வகுத்துக்கொண்ட இலக்கணம். கொழுந்து பறிப்பவர் அந்த இலக்கணத்தில் நிலக்காட்சி.

ஆகவே மாணவர்களிடம் ஒரு வேலையைக் கேட்கிறோம். லைன் வீடுகளில் இருக்கும் பெரியவர்களிடம், இலங்கை வானொலியில் எந்தப் பாட்டுக்காகக் காத்திருந்தார்கள், எந்தப் படத்துக்கு எத்தனை மைல் நடந்தார்கள், எந்தக் காட்சியில் எழுந்து போனார்கள் என்று கேட்டு, அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வாருங்கள். எழுந்து போன காட்சிகளை முதலில் கேளுங்கள்.