கல்மழைக்குக் கணக்கு உண்டா?



போன வாரம் பேரன் செல்போனில் ஒரு வீடியோ காட்டினான். யார் வீட்டு முற்றத்திலோ ஆலங்கட்டி துள்ளித் துள்ளி விழுகிறது. "நம்ம ஊர்ல இப்படி விழுமா தாத்தா?" என்றான். விழும் என்றேன். "எப்ப விழுந்துச்சு?" என்று அடுத்த கேள்வி. அதற்குப் பதில் சொல்லத் திணறிப்போனேன். அதனால்தான் இந்த நீண்ட பதிவு.

புயல் என்றால் தேதியோடு சொல்லிவிடலாம். கள்ளக்குறிச்சியிலிருந்து கடல் ஏறக்குறைய 100 கிலோமீட்டர். ஆனாலும் புயல் நம்மை விட்டதில்லை. தானே புயல் 2011 டிசம்பர் 30 காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் சாய்ந்து கிடந்ததை நம்மில் பலர் நேரில் பார்த்தோம். ஃபெஞ்சல் 2024 நவம்பர் 30 இரவு கரையைக் கடந்து, நகராமல் நின்று கொட்டியது. சாத்தனூர் அணையில் வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி வரை திறந்துவிட்டார்கள். மணலூர்பேட்டை, திருக்கோவிலூர் மக்கள் தென்பெண்ணையை அப்படிப் பார்த்ததில்லை என்றார்கள். நம் கடல்களில் எழும் புயல்களுக்குப் பெயர் வைத்ததே 2004-லிருந்துதான். அதற்கு முந்தையவற்றுக்கும் தேதி, பாதை எல்லாம் வானிலைத் துறையிடம் இருக்கிறது. 1875-ல் அந்தத் துறை பிறந்ததற்கே 1864-ம் ஆண்டுக் கல்கத்தா புயல் ஒரு காரணம்.

கல்மழை அப்படியல்ல. சில கிலோமீட்டர் அகலத்தில் ஒரு பட்டையாக விழும், கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். பக்கத்து ஊரில் வெயில் அடிக்கும். மழைமானிக்குள் விழுந்த கட்டியும் உருகித் தண்ணீராகத்தான் அளக்கப்படும். இத்தனை மில்லிமீட்டர் என்று எழுதியதைப் பார்த்து, அன்று விழுந்தது நீரா கல்லா என்று யார் சொல்ல முடியும்?

வகுப்பில் சொன்னது சிலருக்கு நினைவிருக்கும். சித்திரை வெயிலில் சூடேறிய காற்று வேகமாக மேலே கிளம்பும். நம் பக்கம் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்துக்கு மேல்தான் உறைநிலை. இடிமேகம் அதையும் தாண்டி 12, 15 கிலோமீட்டர் வரை வளரும். அங்கே நீர்த்துளி உறைந்து, மேலெழும் காற்று தாங்கும்வரை பருத்து, பிறகு விழும். வரும் வழியில் சூடான காற்றில் சின்னக் கட்டிகள் கரைந்துவிடும். கல்வராயன் மலையில் 3,000 அடி உயரத்து ஊர்களுக்கு அந்த வழி கொஞ்சம் குறைவு. கீழே மழையாக வருவது மேலே கல்லாக விழுவதுண்டு.

1986 ஏப்ரல். மலையில் ஒரு பள்ளியில் வேலை. மதியம் மூன்று மணிக்கு இருட்டிக்கொண்டு வந்தது. ஓட்டின் மேல் யாரோ கல்லெறிகிறார்கள் என்று நினைத்து வெளியே வந்து அதட்டினேன்! பிள்ளைகள் பாவாடையிலும் சட்டையிலும் அள்ளி வாயில் போட்டுக்கொண்டார்கள். நானும் ஒன்று தின்றேன், மறைப்பானேன்.

ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் அள்ளவில்லை. வேலியோரம் நின்று எதிர்ச்சரிவையே பார்த்துக்கொண்டிருந்தான். ஊற்றுத் தண்ணீரில் அவன் அப்பா போட்ட நெல், அறுக்க நான்கு நாள் இருந்தது. மறுநாள் போய்ப் பார்த்தேன். தாள் நின்றது, மணியெல்லாம் சேற்றில். வாழை இலைகள் நாராகத் தொங்கின.

நிவாரணம் கேட்டு மனு எழுதிக் கொடுத்தது நான்தான். ஓர் அலுவலகத்தில் பதிவேட்டைப் புரட்டிவிட்டு, "அன்னிக்கு மழையே இல்லையே சார்" என்றார்கள். மழைமானி இருந்தது கீழே, வெயிலடித்த ஊரில். அவர்கள் சொன்னது பொய்யில்லை. மனுவில் தேதியைத் தவிர வேறு சாட்சி எதையும் நானும் சேர்க்கவில்லை. எத்தனை காணி, எந்தெந்த ஊர், கல் என்ன அளவு, ஒன்றும் எழுதத் தோன்றவில்லை. 26 வயது எனக்கு.

ஜூனில் பள்ளி திறந்தபோது அந்தப் பையன் வரவில்லை. குடும்பத்தோடு கேரளத்துக்கு மிளகு பறிக்கப் போய்விட்டதாகச் சொன்னார்கள். வருகைப் பதிவேட்டில் அவன் பெயரை அடித்ததும் நான்தான்.

1888 ஏப்ரல் 30 அன்று உத்தரப்பிரதேசத்து மொராதாபாத் பக்கம் கல்மழையில் 246 பேர் இறந்தார்கள். உயிர் போனதால் அது உலகக் கணக்கில் ஏறியது. நெல் உதிர்ந்ததை யார் ஏற்றுவார்கள்?

ஒரு நோட்டு வாங்கி வைத்திருக்கிறேன். வெள்ளிமலை, கச்சிராயப்பாளையம், சங்கராபுரம், சின்னசேலம் பக்கம் இருப்பவர்கள், உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எனக்கு எழுதுங்கள். தேதி தெரியாவிட்டால் "அக்கா கல்யாணத்துக்கு முந்தின வருஷம்" என்றாலும் போதும், கணக்குப் போட்டுக்கொள்வேன். எந்த ஊர், எவ்வளவு நேரம், கல் புளியங்கொட்டை அளவா, நெல்லிக்காய் அளவா, அப்போது வயலில் என்ன நின்றது என்றும் சேர்த்து எழுதுங்கள்.